நீலப் பாட்டிலில் நட்ட செடி

வாசகர்கள் சிலர் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். "லேபிளை வாய்விட்டுப் படிக்கிற பெண் ப்ளீச்சையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டுவாளா? கதைக்காக என்ன வேண்டுமானாலும் எழுதுவீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னொருவர் நேர் எதிர்க்கட்சி. "அவசரக்கார மருமகளுக்கு நன்றாக வேண்டும்" என்கிறார்.

முதலாமவருக்கு என் வணக்கம். இரண்டாமவர் இந்த வாரத்தைப் படித்துவிட்டு எழுதட்டும்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நம் மருமகளுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் வருகிற கணீர்க் குரல் அவளுடையது. எதையும் இரண்டு முறை சொல்லிப் பழகியவள். அதனால் நாத்தனார் அவளுக்கு வைத்த பெயர் 'மைக்செட்'. வீட்டிலும் கையில் எது அகப்பட்டாலும் அறிவிப்பு மாதிரிப் படித்துப் பார்ப்பாள். மாத்திரை அட்டை, பிஸ்கட் உறை, ப்ளீச் பாட்டில், எல்லாம்.

ப்ளீச் லேபிள் அவளுக்கு மனப்பாடம். குளியலறையைக் கழுவுகிற அன்று உள்ளேயிருந்து குரல் வரும். "ஜன்னலைத் திறந்து வைக்கவும். கையுறை அணியவும். குளிர்ந்த நீரில் மட்டுமே கலக்கவும். வேறு எந்தத் துப்புரவுப் பொருளுடனும் சேர்க்கக் கூடாது." கூடத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷன் சிரித்துக்கொண்டே கதவைத் தட்டுவான். "மேடம், வண்டி எப்ப புறப்படுது?"

படித்ததைச் செய்கிறவள்தான். முதலில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்த்து அழுக்கைப் போக்கிவிடுவாள். அழுக்கின்மேல் ப்ளீச்சைக் கொட்டினால் அது அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமி தப்பித்துவிடும் என்பது அவள் கட்சி. பிறகு வாளித் தண்ணீரில் லேபிள் சொன்ன அளவை மூடியால் அளந்து கலந்து, தரையை நனைத்து, பத்து நிமிஷம் ஈரம் காயாமல் விட்டு, நல்ல தண்ணீரால் அலசுவாள். வாளியில் கலவை மிஞ்சினால் மறுநாளுக்கு வைக்க மாட்டாள். "நாளைக்கு இதுல சத்தே இருக்காது அத்தை" என்று சொல்லிக் கொட்டிவிடுவாள்.

மாமியாருக்கு அங்கேதான் வயிறு எரியும்.

மாமியார் எதையும் கொட்டாத மனுஷி. ஷாம்பு தீரப் போகிறதென்றால் அந்தப் பாட்டிலைப் புதுப் பாட்டிலின் வாயில் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். எண்ணெயின்மேல் எண்ணெய், சோப்பின்மேல் சோப்பு. அந்த வீட்டுச் சமையல் மேடையில் எந்நேரமும் ஒரு பாட்டில் இன்னொன்றின் தலையில் நின்றுகொண்டிருக்கும். காலியான பாட்டிலையும் எறிய மாட்டார். கத்தரித்து, மண் போட்டு, செடி நட்டு, படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். பால்கனியில் நடக்க இடமில்லை.

அந்த விபத்துக்கு வருவோம். அன்று காலை மருமகள் வழக்கம்போல ஜன்னலைத் திறந்தாள், கையுறை மாட்டினாள், ப்ளீச் பாட்டிலை எடுத்தாள். பாட்டில் லேசாக உப்பியிருந்தது. வெயில் சூடு என்று நினைத்தாள். மூடி திருக வரவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு, துணியைச் சுற்றி, முழு பலத்தோடு திருகினாள். மஞ்சள் புகை நேராக முகத்தில் அடித்தது.

ஜன்னல் திறந்திருந்ததால் பிழைத்தாள் என்றார் டாக்டர். "ஆசிட்டும் ப்ளீச்சும் சேர்ந்திருக்கு. கலந்தது யாரு?" என்றும் கேட்டார்.

"இவதான் டாக்டர். எதுலயும் அவசரம்" என்றான் புருஷன்.

ஆக்ஸிஜன் மாட்டிக்கொண்டு படுத்திருந்தவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். "ஆட்டாதீங்கம்மா, குழாய் விலகுது" என்றாள் நர்ஸ். பார்க்க வந்த நாத்தனார் படுக்கையோரம் நின்று, "லேபிளைப் படிச்சு என்ன பிரயோஜனம், மண்டையில ஏறலையே!" என்றாள். கூட வந்திருந்த சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. நாத்தனார் வாயில் விழுந்த விஷயம் ஊர் முழுக்கப் போகும். இதுவும் போயிற்று.

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் கலக்கவில்லை என்பதை யாராவது ஒருத்தர் நம்ப வேண்டும். நெஞ்சு எரிச்சலைவிட அந்த எரிச்சல் பெரிதாக இருந்தது.

இன்று அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். குரல் இன்னும் தேறவில்லை. பேசினால் பாதி வார்த்தை காற்றாகப் போகிறது.

"போயே ஆகணுமா?" என்றான் புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக். 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையை மாட்டாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடாதவன். "டாக்டர் பேசவே கூடாதுன்னாரே."

"போய்த் தலையைக் காட்டிட்டு வரேன்."

மாமியார் வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து பையில் வைத்தார். "ஆற வச்சுக் குடி. வேகமா நடக்காத."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் மாமியார் இப்படித்தான் கவனிக்கிறார். தலையணையைத் தட்டிப் போடுகிறார், தட்டைக் கழுவ விடுவதில்லை. இத்தனை வருஷத்தில் பார்க்காத அன்பு. மருமகளுக்கு அது பிடித்திருந்தது. அசட்டுப் பெண், கண்கூடக் கலங்கினாள்.

அறிவிப்பு அறை மாடியில் இருக்கிறது. கண்ணாடி வழியே கீழே வண்டிகள் தெரியும். அவள் நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் ஒலிபெருக்கியில் அவள் குரலே போய்க்கொண்டிருந்தது. "பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்." எப்போதோ ஒரு முறை பதிவு பண்ணி வைத்தது.

மேலதிகாரி நல்ல மனுஷர்தான். அதுதான் சிக்கல். நல்ல மனுஷர்கள் சொல்வதை எதிர்த்துச் சண்டை போட முடியாது.

"எங்க, ஒரு தடவை பேசிக் காட்டுங்கம்மா."

மைக்கை அணைத்து வைத்துவிட்டுப் பேசிப் பார்த்தாள். "மூன்றாவது மேடையில்..." என்பதற்குள் இருமல் வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நல்லா ஓய்வெடுங்க. உங்க குரல்தான் பதிவா இருக்கே! வண்டி நம்பரை மட்டும் கம்ப்யூட்டர்ல மாத்திக்கிட்டா போதும்னு சொல்றாங்க. நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

"குணமானப்புறம்?"

"பாக்கலாம்மா." பேனாவை மூடினார். "இவ்வளவு படிச்சவங்க, அதைப் போய்க் கலக்கலாமா? என் வீட்டுக்காரிகிட்டகூட உங்களைத்தான் உதாரணமா சொன்னேன்."

"நான் கலக்கலை சார்."

"சரி சரி. பேசாதீங்க."

படியிறங்கி வரும்போது அவளுடைய பழைய குரல் நல்ல உடம்போடு தலைக்குமேல் கூவிக்கொண்டிருந்தது. அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்தியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்குப் போகிற வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து புருஷனுக்கு ஒரு வரி அனுப்பலாம் என்று போனை எடுத்தாள். குடும்பக் குழுவில் மாமியார் புதுப் படம் ஒன்று போட்டிருந்தார். "புதுத் துளிர் விட்டிருக்கு!" நாத்தனார் கைதட்டியிருந்தாள்.

நீல நிறத் தொட்டி. வயிற்றைக் கத்தரித்து, வளைந்த கழுத்தைக் கைப்பிடி மாதிரி விட்டிருந்தார். அதில் ஒரு கொடி.

எங்கோ பார்த்த கழுத்தாக இருக்கிறதே என்று பார்த்தாள். எங்கோ என்ன எங்கோ! அவளே கையில் பிடித்து ஊற்றிய பாத்ரூம் ஆசிட் பாட்டில்.

விரல் பழைய படங்களைத் தேடி மேலே போயிற்று. அந்தச் செடியை நட்டபோதே மாமியார் ஒரு படம் போட்டிருந்தார். "குப்பைக்குப் போக வேண்டியது, தொட்டியாச்சு." கீழே ஒரு சிவப்பு இதயம். போட்டவள் வேறு யாருமில்லை, இவளேதான்.

தேதியைப் பார்த்தாள். விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்.

அன்று காலைதான் அவள் அந்தப் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்து, இன்னும் ஒரு தடவைக்கு வரும் என்று திரும்ப வைத்திருந்தாள். சாயங்காலத்துக்குள் அது தொட்டியாகிவிட்டது. அப்படியானால் உள்ளே இருந்தது எங்கே போயிற்று? ஒரு சொட்டும் கொட்டாத கை அதை எதில் கவிழ்த்தது?

இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய், திரும்ப நடந்து வந்தாள்.

மாமியார் சமையலறையில் இருந்தார். பாத்திர சோப்பு பாட்டில் ஒன்றை இன்னொன்றின்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, அதுக்குள்ள வந்துட்ட?"

மருமகள் போனை நீட்டினாள். "அத்தை, இதுல மிச்சம் இருந்துச்சே. எங்க ஊத்தினீங்க?"

மாமியார் படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "எதுல?"

"இந்த நீல பாட்டில்ல."

"கொட்டிட்டேன்."

"நீங்களா? கொட்டினீங்களா?"

அந்த வீட்டில் இதைவிடப் பெரிய பொய் இருக்க முடியாது. சொன்னவருக்கே அது நிற்கவில்லை. கையிலிருந்த மேல் பாட்டில் சரிந்து, மேடையெல்லாம் சோப்பு வழிந்தது. மாமியார் அதை வழித்தெடுக்கக்கூட இல்லை.

"ரெண்டும் சுத்தம் பண்றதுதானேன்னு நினைச்சேன்" என்றார். "அடியில கொஞ்சம்தான் இருந்துச்சு. ஊத்தினதும் குபுகுபுன்னு புகை. கண்ணு, மூக்கெல்லாம் எரிஞ்சுது. மூடியை இறுக்கித் திருகி மூலையில வச்சுட்டு ஓடி வந்துட்டேன்."

அதனால்தான் மூடி அவ்வளவு இறுக்கம். மருமகளுக்குத் துணியைச் சுற்றித் திருகிய கை இப்போது வலித்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொன்னா உடனே லேபிளை எடுத்துட்டு வந்து படிச்சுக் காட்டுவே. உன் புருஷனும் சேர்ந்துக்கிட்டுச் சிரிப்பான். காலைல சமயம் பார்த்துச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ முந்திக்கிட்ட."

இதைக் கேட்டு மருமகளுக்கு ஒரு கணம் பரிதாபமாகத்தான் இருந்தது. தான் படித்துக்காட்டுவதை மாமியார் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார் என்றே நினைத்திருந்தாள்.

"சரி, அது காலைல. அப்புறம்? நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப? எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சப்ப? இத்தனை நாளா ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

மாமியாருக்குச் சுருக்கென்றது. "சொல்லலைன்னு யார் சொன்னா?"

சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். துணியை எடுத்து மேடையைத் துடைக்க ஆரம்பித்தார். சோப்பு நுரைத்ததே தவிர, போகவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. புருஷன் ஒரு கையில் துளை போடும் மெஷினும், மறு கையில் பூட்டு வைத்த சின்ன இரும்பு அலமாரியுமாக வந்தான். முகத்தில் நல்ல காரியம் செய்கிறவனுடைய திருப்தி.

"வந்துட்டியா? நல்லது. வா, காட்டறேன்." நேராகக் குளியலறைக்குள் போனான். "இனிமே எல்லாம் இதுக்குள்ளதான். ப்ளீச் ஒரு தட்டு, ஆசிட் வேற தட்டு. வாங்கின பாட்டில்லயே இருக்கணும், வேற எதுலயும் மாத்தக் கூடாது. சாவி என்கிட்ட. நீயும் தொடக் கூடாது, அம்மாவும் தொடக் கூடாது."

சுவரில் பென்சிலால் குறி போட்டு, மெஷினை ஓட்டினான்.

மருமகள் குளியலறை வாசலில் நின்றாள். "அம்மா எதுக்கு?"

மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. அவள் கை நீட்டி சுவிட்சை அணைத்தாள்.

"என்ன?"

"கலந்தது நான்தானே. பூட்டை எனக்குப் போடுங்க. அம்மாவை எதுக்குச் சேர்க்கறீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். மாமியார் ஈரத் துணியோடு வந்து நின்றிருந்தார்.

"அவ கண்டுபிடிச்சுட்டாப்பா" என்றார்.

அதுவரைக்கும், நம்ப ஒருவர் வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் அவள். இங்கே நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் ஒருவன் இருந்திருக்கிறான். ப்ளீச் பாட்டிலை அவன் மறுநாளே எடுத்துப் போய் எறிந்தது, அவள் கேட்டபோதெல்லாம் "விடு, மறந்துடு" என்றது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. ஆஸ்பத்திரி வாசல்ல அம்மா அழுதுட்டே சொன்னாங்க."

"டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் மெஷினின் ஒயரைச் சுருட்டினான். அவிழ்த்தான். மறுபடி சுருட்டினான்.

"முன்னாடி."

அவன் படபடவென்று பேசினான். "அங்க அக்கா, அக்கா வீட்டுக்காரங்க, எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க. மாமியார் மருமகளைக் கொல்லப் பாத்தாள்னு ஒரு பேச்சு கிளம்பினா, அம்மா இந்த வயசுல எங்க போய் மூஞ்சியை வச்சுப்பாங்க? நீ சின்னவ. அவசரத்துல கலந்துட்டான்னு சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க."

"சிரிச்சாங்க" என்றாள் அவள்.

"நான் வேணும்னா..."

"கூடத்துல உக்காந்து என் குரலைக் கேட்டிருக்கீங்கல்ல? கலக்கக் கூடாதுன்னு நான் ரெண்டு தடவை சொல்றதைக் கேட்டிருக்கீங்கல்ல?"

"கேட்டிருக்கேன்."

"அப்புறமும் எப்படிங்க வாய் வந்துச்சு?"

அவன் சுவரில் போட்ட பென்சில் குறியை விரலால் தடவினான்.

மாமியார் அழத் தொடங்கினார். புருஷன் அவரைக் கைத்தாங்கலாகக் கூடத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தான். தண்ணீர் கொடுத்தான். நெஞ்சு வெந்தவள் குளியலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

திரும்பி வந்தவன் குரலைத் தணித்துக்கொண்டான். அன்பாகவே சொன்னான். "நாளைக்கு அக்கா வரா. இதையெல்லாம் அவகிட்ட எடுக்காத. அவ கேட்டா நான் பேசிக்கறேன். உன்னைத்தான் டாக்டர் பேசவே கூடாதுன்னிருக்காரே."

சொல்லிவிட்டு அவள் கன்னத்தைத் தட்டினான். மெஷினை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். சுவர் மறுபடி அதிர ஆரம்பித்தது.

அவன் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அந்தத் தட்டலைத் தாங்க முடியவில்லை. அவள் குரல் போனது அவனுக்கு வசதியாகப் போயிற்று என்பது அந்த நிமிஷம் அவளுக்குப் புரிந்தது.

பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள். காலையில் மாமியார் வைத்த வெந்நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. யார் வைத்தால் என்ன, தொண்டைக்கு வேண்டும். குடித்தாள். பால்கனிக்குப் போனாள். நீலத் தொட்டியில் துளிர் நன்றாகவே இருந்தது. அதன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

முதலில் அந்தப் படத்துக்குத் தான் போட்ட சிவப்பு இதயத்தை எடுத்தாள். பிறகு நாத்தனார் நம்பரை அழுத்தினாள். எடுக்க நேரமாயிற்று. நாளைக்கு வருவதற்குத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள்.

"என்ன மைக்செட், நீயா கூப்பிடற? பேசலாமா நீ?"

மருமகள் மைக் முன்னால் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றாள். மூச்சை மெதுவாக இழுத்து, நெஞ்சில் எரிச்சல் அடங்கும்வரை பிடித்து வைத்துக்கொண்டாள். குரல் கிழிந்துதான் வந்தது. ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் பிரிந்து தெளிவாக விழுந்தது.

"அண்ணி, நான் சொல்றதைக் கவனமா கேளுங்க. இந்தத் தடவை ஒரே ஒரு முறைதான் சொல்ல முடியும்."

உள்ளே மெஷின் நின்றது.